ஏற்றும் கருவி வேறு, காக்கும் கயிறு வேறு

பேராவூரணிப் பக்கம் ஒரு கிராமத்தில் அண்ணன், தம்பி இருவர். இருவருக்கும் தேங்காய் பறிப்புதான் தொழில். ஊரில் அவர்களைப் பெரியவர், சின்னவர் என்றே சொல்வார்கள். பெரியவருக்கு இப்போது 48 வயது. 16 வயதில் தகப்பனாரோடு தளைக்கயிறு எடுத்தவர். சின்னவர் அவரைவிட ஆறு வயது இளையவர். இன்று பெரியவர் மட்டுமே மரம் ஏறுகிறார். சின்னவர் திண்ணையில் உட்கார்ந்து, அண்ணனின் கயிறுகளையும் கொக்கிகளையும் ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்துச் சரி சொல்கிறார். அவர் சரி சொல்லாத கயிறு தோப்புக்குப் போவதில்லை.

மூன்று வருடங்களுக்கு முன், மாசி மாதத்தில் ஒரு காலை. பக்கத்து ஊர்த் தோப்பில் சின்னவர் காய் பறித்துக்கொண்டிருந்தார். தளை போட்டு ஏறவில்லை. மரமேறும் கருவியில்தான் ஏறினார். மரம் சுமார் 40 அடி. திடீரென்று சத்தம். ஓடி வந்தவர்கள் அண்ணாந்து பார்த்தார்கள். கருவி மட்டைக்குக் கீழே மரத்தைப் பிடித்தது பிடித்தபடியே நின்றது. சின்னவர் பாத்திக்குள் கிடந்தார்.

உயிர் தப்பியது. இடுப்புக்குக் கீழே உணர்வு திரும்பவில்லை.

"மிஷின்ல ஏறியும் எப்புடிங்க விழுந்தான்?" என்று ஊரே கேட்டது. கருவி வந்துவிட்டால் இனி யாரும் விழமாட்டார்கள் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். சின்னவரும் அப்படித்தான் நினைத்திருந்தார். தென்னை வைத்திருக்கும் ஒவ்வொருவரும் பதில் தெரிந்துகொள்ள வேண்டிய கேள்வி அது.

கருவி செய்ததும் செய்யாததும்

இப்போது தோப்புகளில் பரவலாக இருக்கும் கருவிக்கு வழிகாட்டியவர் கேரளத்தின் கண்ணூர் மாவட்டம் செம்பேரியைச் சேர்ந்த ஜோசப் என்ற விவசாயி. இரண்டு தனித்தனிச் சட்டங்கள். ஒவ்வொன்றிலும் மரத்தைச் சுற்றிப் பிடிக்கும் கம்பி வடம். வலது காலுக்கு ஒன்று, இடது காலுக்கு ஒன்று. பாரம் ஏறும்போது வடம் மரத்தை இறுக்கிப் பிடிக்கும். காலைத் தூக்கும்போது பிடி தளரும். படியேறுவது போல மாற்றி மாற்றிக் கால் வைத்தால் மேலே போய்விடலாம். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கருவியில் உட்கார்ந்தபடி ஏறலாம். மேல் சட்டத்தில் உட்கார்ந்து, கீழ்ச் சட்டத்தைக் காலால் இழுத்து உயர்த்த வேண்டும்.

இந்தக் கருவிகள் பெரிய காரியம் செய்தன. நெஞ்சும் முழங்காலும் மரத்தில் உரசித் தோல் கிழிவது குறைந்தது. தலைமுறைத் தொழிலாக இல்லாதவர்களும் ஏறக் கற்றார்கள். தென்னை வளர்ச்சி வாரியம் 2011-ல் தொடங்கிய 'தென்னை மரங்களின் நண்பர்கள்' திட்டத்தில் ஆறு நாள் பயிற்சி கொடுத்துக் கருவியும் தந்தார்கள். கேரளத்தில் பெண்கள் பலர் அதில் கற்று மரம் ஏறினார்கள்.

ஆனால், அந்தக் கருவியின் வேலை ஆளை ஏற்றிவிடுவது. கால் தவறினால் பிடித்துக்கொள்வது அதன் வேலை அல்ல. ஆளுக்கும் மரத்துக்கும் இடையில் தனியாக ஒரு கட்டு இல்லாவிட்டால், கருவியில் நிற்பதும் ஏணியில் நிற்பதும் ஒன்றுதான். இந்தக் குறையைப் பார்த்துத்தான் காசர்கோட்டில் உள்ள மத்திய தோட்டப்பயிர்கள் ஆராய்ச்சி நிலையம் செம்பேரிக் கருவிக்கென்று பாதுகாப்பு இணைப்பு ஒன்றை உருவாக்கியது. சின்னவர் ஏறிய கருவியில் அந்த இணைப்பு இல்லை.

அன்று நடந்தது இதுதான். முன்பக்கக் குலைகளை வெட்டியாயிற்று. பின்பக்கம் ஒரு குலை எட்டவில்லை. ஒரு காலைக் கருவியிலிருந்து எடுத்து, ஒரு மட்டையின் அடியில் வைத்து எட்டினார். பச்சை மட்டை ஆளைத் தாங்கும். அது பழுத்து, கழலும் பருவத்தில் இருந்த மட்டை; பன்னாடையோடு கழன்றது. 40 அடி விழுவதற்கு ஒன்றரை நொடிதான் ஆகும். தரையைத் தொடும்போது வேகம் மணிக்கு 55 கிலோமீட்டர். அந்த நேரத்தில் எந்தக் கைக்கும் எதையும் பிடிக்க வராது.

ஓடி வந்தவர்கள் பதறிப் போய், கையை இருவர், காலை இருவர் பிடித்துத் தூக்கி, சரக்கு ஆட்டோவில் படுக்க வைத்துக் கொண்டுபோனார்கள். அத்தனை பேரும் பாசத்தோடு செய்த காரியம். முதுகெலும்பில் அடிபட்டவரை அப்படித் தூக்கக் கூடாது என்று அவர்களுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. நடு உடம்பு தொங்கும்போது, முறிந்த எலும்பு உள்ளே ஓடும் நரம்பை நசுக்கிவிடும். சின்னவரின் கால்கள் விழுந்ததால் போனதா, தூக்கியதால் போனதா என்று இனி யாரும் சொல்ல முடியாது. பெரியவர் அதைப் பற்றிப் பேசவே மாட்டார்.

ஐந்து மாதம் ஏறாத மனிதர்

அதற்குப் பிறகு ஐந்து மாதம் பெரியவர் மரத்தைத் தொடவில்லை. கடப்பாரை நட்டுத் தேங்காய் உரிக்கும் வேலைக்குப் போனார். வருமானம் பாதியானது. இரண்டு குடும்பத்துக்கும் அவர் ஒருவர்தான். மீண்டும் ஏறலாமா என்று ஒருநாள் பேச்செடுத்தபோது அவர் மனைவி ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்.

"கயித்தைக் கட்டிட்டு ஏறுறதா இருந்தா ஏறுங்க. இல்லேன்னா உரிக்கிற வேலையே போதும். வர்றத வச்சுக் கஞ்சி குடிப்போம்."

அதே ஊரில் மூன்று ஏக்கர் தோப்பு வைத்திருக்கும் பெண்மணி ஒருவர். கணவர் இறந்த பிறகு தனியாக விவசாயம் பார்க்கிறார். கஜா புயலுக்கு முன் அவர் தோப்பில் 200 மரங்கள் இருந்தன. 2018 நவம்பர் 16-ஆம் தேதி விடிவதற்குள் 120 மரங்கள் சாய்ந்துவிட்டன. தப்பிய 80 மரங்களும் பழைய நெட்டை ரகம். அவர் தோப்பில் இருபது வருடமாகக் காய் பறித்தவர் பெரியவர்.

"அண்ணே, காய் தானா விழுந்து கெடக்கு. பாதி யாரு பொறுக்கிட்டுப் போறாங்கன்னே தெரியல. வேற ஆளும் கெடைக்கல. நீங்கதான் ஒரு வழி சொல்லணும்" என்று வந்து நின்றார்.

"ஏறுறதுக்கு எனக்குப் பயமில்லே தங்கச்சி. வீட்டுல ரெண்டு பேரு படுக்கையில கெடக்க முடியாது. கயிறு, பெல்ட்டு எல்லாம் இருந்தா வர்றேன்" என்றார் பெரியவர்.

அவரிடம் கயிறு வாங்கப் பணம் இல்லை. அந்தப் பெண்மணி கொஞ்ச நேரம் யோசித்தார். மருந்து தெளிப்பான், மோட்டார், மண்வெட்டி எல்லாம் தோப்புச் செலவுதானே. இதையும் தோப்புச் செலவாக வைத்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்தார்.

முதலில் மரங்களைப் பிரித்தார்கள்

வாங்குவதற்கு முன் இருவரும் தோப்பைச் சுற்றி வந்தார்கள். எந்த மரத்தில் ஏற வேண்டும் என்பதற்கு முன்னால், எதில் ஏறவே வேண்டாம் என்று பார்த்தார்கள். உயரத்தில் வேலை செய்யும் எல்லாத் தொழிலுக்கும் முதல் விதி இதுதான். ஏறாமல் முடியுமென்றால் ஏறக் கூடாது.

புயலுக்குப் பிறகு நட்ட மரங்கள் இப்போது காய்ப்புக்கு வந்துவிட்டன. உயரம் குறைவு. பொள்ளாச்சிப் பக்கம் செய்வது போல, கழியில் அரிவாள் கட்டித் தரையில் நின்றே பறிக்கலாம். இவற்றில் ஏற வேண்டியதே இல்லை.

பழைய 80 மரங்களில் ஆறு மரங்களை ஒதுக்கினார்கள். இரண்டில் அடித்தண்டிலிருந்து செம்பழுப்பு நீர் வடிந்தது. தஞ்சாவூர் வாடல் நோய். ஒன்றில் சிவப்புக் கூன்வண்டு துளைத்த ஓட்டையும், அதில் மென்று துப்பிய நாரும் இருந்தன. மூன்று மரங்களில் புயலில் முறுக்கியதால் விழுந்த வெடிப்பு. இப்படிப்பட்ட மரத்தில் எவ்வளவு நல்ல கயிறு கட்டினாலும் பயனில்லை. கயிறு ஆளைப் பிடிக்கும். மரமே முறிந்தால் கயிறு எதைப் பிடிக்கும்?

வேலியோரம் இருந்த இரண்டு மரங்களின் மட்டை மின்கம்பியைத் தொட்டுக்கொண்டிருந்தது. இரும்புக் கருவி, அலுமினியக் கழி, ஈர மட்டை மூன்றுமே மின்சாரத்தைக் கடத்தும். மின்வாரியத்தில் சொல்லி, மின்சாரத்தை நிறுத்திய பிறகுதான் அந்த மரங்களுக்குப் போவது என்று முடிவானது.

மிச்சம் 72 மரங்கள். 45 நாளைக்கு ஒரு பறிப்பு என்றால் வருடத்துக்கு எட்டுப் பறிப்பு. அந்த ஒரு தோப்பில் மட்டும் வருடத்துக்கு 576 முறை ஏறி இறங்க வேண்டும். ஒருநாளைக்கு 40 மரம் என்று வருடத்தில் 200 நாள் வேலை செய்யும் ஒருவர் 8,000 முறை ஏறுகிறார். 7,999 முறை கவனமாக ஏறியவரும் ஒரே ஒரு பழுத்த மட்டையில் கால் வைத்தால் போதும். சின்னவர் கவனமில்லாதவர் அல்ல. இத்தனை முறை ஏறும் தொழிலில் கவனம் மட்டும் போதாது.

என்ன வாங்கினார்கள்

இடுப்பில் மட்டும் கட்டும் பெல்ட்டைக் கடைக்காரர் முதலில் எடுத்துக் கொடுத்தார். விலை குறைவு. விழும்போது அது வயிற்றையும் முதுகையும் ஒரே இடத்தில் வெட்டி இழுக்கும்; தலைகீழாகக் கவிழ்த்தும் விடலாம். விழுகிறவரைத் தாங்குவதற்கு, தோள், நெஞ்சு, தொடை எல்லாவற்றையும் சுற்றி வரும் முழு உடல் பெல்ட்தான் வேண்டும். இழுப்பு தொடைக்கும் தோளுக்கும் பிரிந்து போகும். ஐ.எஸ். 3521 என்ற இந்தியத் தர எண் அச்சிட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்கினார்கள்.

அந்தப் பெல்ட்டில் இடுப்பின் இரண்டு பக்கமும் வளையங்கள் உண்டு. மரத்தைச் சுற்றிய கயிற்றில் சாய்ந்து நின்று, இரண்டு கையாலும் வேலை செய்ய அவை உதவும். நெஞ்சிலோ முதுகிலோ இருக்கும் வளையம் விழும்போது தாங்குவதற்கு. வேலைக்கு ஒரு கயிறு, உயிருக்கு ஒரு கயிறு, ஆக இரண்டு.

கயிற்றில் ஒரு நுணுக்கம் உண்டு. மரத்தைச் சுற்றி வெறும் வளையமாகப் போட்டால், ஆள் வழுக்கும்போது வளையமும் வழுவழுப்பான மரத்தில் சரசரவென்று கூடவே இறங்கும். சுருக்கு விழும்படி போட வேண்டும். பாரம் விழும்போது சுருக்கு இறுகி மரத்தைக் கவ்விக்கொள்ளும். இன்னொன்று அரிவாள். மேலே வீசும் அரிவாள் குலையை வெட்டுவது போலவே கயிற்றையும் வெட்டிவிடும். அதனால் வேலைக் கயிறு உள்ளே கம்பி ஓடும் கயிறாக இருக்கட்டும் என்று சின்னவர் சொன்னார். கம்பி ஓடுவதால் அதையும் மின்கம்பிப் பக்கம் கொண்டுபோகக் கூடாது என்பதையும் அவர்தான் நினைவுபடுத்தினார்.

சில கயிறுகளில் மடித்துத் தைத்த பட்டை ஒன்று இருக்கும். விழும்போது அந்தத் தையல் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரிந்து, உடம்பில் விழும் அதிர்ச்சியைக் குறைக்கும். ஆனால், பிரிந்து நீளும் அளவுக்குக் கீழே இடம் வேண்டும். உயரம் குறைந்த மரத்தில் அது பிரிந்து முடிவதற்குள் தரை வந்துவிடும். தென்னையில் நல்ல வழி, கயிற்றைத் தொய்வில்லாமல் குட்டையாக வைத்துக்கொள்வது. ஒரு முழம்கூட விழ இடம் கொடுக்காவிட்டால் அதிர்ச்சியும் இல்லை.

உச்சிக்குப் போனதும் பெரியவர் செய்வது இப்போது இதுதான். கருவியிலிருந்து காலை எடுப்பதில்லை. முதல் கயிறு கட்டியிருக்கும்போதே இரண்டாவதைச் சுற்றிச் சுருக்குப் போடுகிறார். அது இறுகிய பிறகு பின்னால் சாய்ந்து, நீண்ட கைப்பிடி போட்ட அரிவாளால் பின்பக்கக் குலையை எட்டி வெட்டுகிறார். கயிறு மாற்ற வேண்டியிருந்தால், ஒன்றைக் கட்டிய பிறகே மற்றொன்றை அவிழ்க்கிறார். தரையை விட்ட நேரத்திலிருந்து தரைக்குத் திரும்பும் வரை ஏதாவது ஒரு கட்டு மரத்தோடு இருந்துகொண்டே இருக்கும். ஒருமுறை உச்சியில் குளவி கொட்டியது. கையை உதறினார், தலை சுற்றியது, ஆனால் விழவில்லை.

மூன்றாம் நாள் கணக்கு

முதல் பறிப்பிலேயே ஒரு சிக்கல் வந்தது. 72 மரத்தை முன்பெல்லாம் பெரியவர் இரண்டு நாளில் முடிப்பார். கட்டி, அவிழ்த்து, மீண்டும் கட்டியதில் மூன்று நாள் ஆனது. கூலி மரக்கணக்கு. மூன்று நாள் வேலைக்கு இரண்டு நாள் கூலிதான் கையில் வந்தது.

பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த பறிப்பில் முதல் ஐந்தாறு மரம் ஒழுங்காகக் கட்டினார். பிறகு வெயில் ஏற ஏற, உயிர்க்கயிற்றைக் கட்டாமலே வேலையைத் தொடங்கினார். கீழே காய் பொறுக்கிக்கொண்டிருந்த தோப்புக்காரப் பெண்மணி பார்த்துவிட்டார்.

"என்னண்ணே, கயிறு சும்மா தொங்குது?"

"எல்லாத்துலயும் கட்டிக்கிட்டு நின்னா கட்டுபடியாகல தங்கச்சி."

அன்று மாலை அவர் ஒரு கணக்குப் போட்டார். மரத்துக்கு 30 ரூபாய் கூலி என்று வைத்துக்கொண்டால், பாதி சேர்த்து 45 ரூபாய் கொடுத்தால் பெரியவரின் நாள் வருமானம் பழையபடி ஆகிவிடும். ஒரு பறிப்பில் மரத்துக்குப் பத்துக் காய் என்றால், அந்தக் கூடுதல் 15 ரூபாய் காய்க்கு ஒன்றரை ரூபாய்தான். கீழே விழுந்து காணாமல் போன காய்களுக்கே அதைவிட அதிகம் இழந்திருந்தார். அடுத்த பறிப்பிலிருந்து ஒன்றரைக் கூலி என்று சொன்னார். ஒரு நிபந்தனையும் வைத்தார்: கட்டாத மரத்துக்குக் கூலி கிடையாது.

அதற்குப் பிறகு உயிர்க்கயிறு சும்மா தொங்கியதில்லை. பல தோப்புகளில் வாங்கிய பெல்ட் மூலையில் தூசி படிந்து கிடப்பதற்குக் காரணம் ஏறுகிறவரின் அலட்சியம் என்று சொல்லிவிடுகிறோம். வேகமாக ஏறினால்தான் கூலி என்று வைத்துவிட்டு, மெதுவாக ஏறச் சொன்னால் யாராலும் முடியாது. கட்டுகிற நேரத்துக்கும் கூலி உண்டு என்றால்தான் கயிறு மரத்துக்குப் போகும்.

ரோபோ வந்துவிட்டதாமே?

தோப்புக்காரப் பெண்மணியின் மகன் கோயம்புத்தூரில் படிக்கிறான். "அம்மா, ரோபோவே தேங்காய் வெட்டுதாம். இன்னும் ஏன் கயிறு, பெல்ட்டுன்னு?" என்று போனில் கேட்டான். நியாயமான கேள்விதான். ஏறாமல் பறிப்பதைவிடப் பாதுகாப்பு வேறில்லை.

அமிர்தா பல்கலைக்கழகத்தில் 'அமரன்' என்ற இயந்திரத்தை உருவாக்கியிருக்கிறார்கள். வளையம் போல மரத்தைச் சுற்றிப் பூட்டினால் சக்கரங்களில் ஏறும். கையில் ரம்பம் இருக்கும். ஆள் கீழே நின்று இயக்கலாம். பூட்டுவதற்கும் ஏறுவதற்கும் வெட்டுவதற்கும் ஆகும் நேரம், பழகிய ஆளின் நேரத்தைவிட அதிகம். கர்நாடகத்தின் தட்சிண கன்னட மாவட்டத்தில் கணபதி பட் என்ற விவசாயி, பெட்ரோல் இன்ஜினில் பாக்கு மரம் ஏறும் ஸ்கூட்டர் போன்ற வண்டி செய்தார். உட்கார்ந்து பெல்ட் போட்டுக்கொண்டு ஏறலாம். அது மெல்லிய, நேரான பாக்கு மரத்துக்கு ஏற்றது. அதே பகுதியில் கார்பன் ஃபைபர் கழிகள் பாக்குத் தோட்டங்களில் நன்றாகப் பரவிவிட்டன. எடை குறைந்த நீண்ட கழியால் தரையில் நின்றே குலை அறுக்கிறார்கள், மருந்தும் தெளிக்கிறார்கள். இந்த வரிசையில் சிறு விவசாயிக்கு இன்றே கைக்கு எட்டுவது கழிதான். அதுவும் மின்கம்பிக்கு அருகில் ஆபத்து. கார்பனும் மின்சாரத்தைக் கடத்தும்.

வெளிநாடுகளில் கட்டட வேலையாட்களுக்குக் காற்றுப்பை வைத்த மேலங்கி வந்திருக்கிறது. உள்ளே இருக்கும் உணர்கருவி, உடம்பு விழத் தொடங்கியதைக் கண்டறிந்து, சிறு வாயுக்குப்பியைத் திறந்து பையை ஊதிவிடும். கார்களில் இருக்கும் காற்றுப்பை போலத்தான். ஏணியிலிருந்து விழுவது போன்ற குறைந்த உயரத்துக்கு அது உதவும். 40 அடியிலிருந்து 55 கிலோமீட்டர் வேகத்தில் வருபவருக்கு அது கயிற்றுக்கு மாற்று ஆகாது.

இன்னொரு வழி மெதுவானது, ஆனால் உறுதியானது. நடும்போதே உயரத்தை யோசிப்பது. குட்டை ரகங்களும், வேப்பங்குளம் தென்னை ஆராய்ச்சி நிலையத்தின் வி.எச்.சி. போன்ற நெட்டை-குட்டை வீரிய ஒட்டு ரகங்களும் நெட்டையைவிட மெதுவாக உயரும். பல வருடங்கள் தரையிலிருந்தே பறிக்கலாம். இன்று நடும் கன்று, இன்னும் 20 வருடம் கழித்து ஒருவர் எவ்வளவு உயரம் ஏற வேண்டும் என்பதையும் தீர்மானிக்கிறது.

"இயந்திரம் நம்ம தோப்புக்கு வர்ற அன்னிக்கு வரட்டும். அதுவரைக்கும் அண்ணன் கட்டிக்கிட்டே ஏறட்டும்" என்றார் தாய்.

தொங்கினால் என்ன செய்வது?

சின்னவருக்கு ஒரு சந்தேகம். "அண்ணன் விழாம கயித்துல தொங்குதுன்னு வச்சுக்க. அப்புறம் யாரு எறக்குறது?" ஒரு ஞாயிற்றுக்கிழமை அதையும் செய்து பார்த்தார்கள். ஆறடி உயரத்தில் கயிறு கட்டி, பெரியவர் பெல்ட்டோடு அசையாமல் தொங்கினார். சில நிமிடங்களிலேயே கால் மரத்துப் போனது, தலை கிறுகிறுத்தது. தொடைப்பட்டை அழுத்துவதால் ரத்தம் காலில் தங்கிவிடும். நீண்ட நேரம் தொங்கினால் உயிருக்கே ஆபத்து.

அன்றிலிருந்து மூன்று ஏற்பாடுகள். பெரியவர் தனியாக மரம் ஏறுவதில்லை. கருவியில் ஏறத் தெரிந்த இன்னொருவர் கீழே, இன்னொரு கருவியோடு இருப்பார். இடுப்பில் ஒரு சிறு கயிறு வளையம் எப்போதும் இருக்கும். தொங்க நேர்ந்தால் அதில் கால் வைத்து உந்தி நின்று, தொடையின் அழுத்தத்தைக் குறைக்கலாம். கீழே இருப்பவரின் போனில் சார்ஜ் இருக்க வேண்டும்.

யாராவது விழுந்துவிட்டால் செய்ய வேண்டியதைச் சின்னவர் தோப்பு வேலையாட்கள் எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறார். உடனே 108-க்கு அழைக்க வேண்டும். தலையையும் கழுத்தையும் அசையாமல் ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டும். உட்கார வைக்கக் கூடாது, தண்ணீரோ சோடாவோ கொடுக்கக் கூடாது. ஆம்புலன்ஸ் வரும் வரை, வேறு ஆபத்து இல்லையென்றால், கிடந்த இடத்திலேயே விட வேண்டும். நகர்த்தியே ஆக வேண்டுமென்றால், உடம்பு முழுவதையும் மரக்கட்டை போல ஒரே நேரத்தில் திருப்பி, கதவுப் பலகையில் வைத்துத்தான் தூக்க வேண்டும். அவர் இதைச் சொல்லும்போது யாரும் குறுக்கே பேசுவதில்லை.

பெரியவரை 'கேரா சுரக்‌ஷா' காப்பீட்டிலும் சேர்த்திருக்கிறார்கள். தென்னை ஏறுகிறவர்களுக்காகத் தென்னை வளர்ச்சி வாரியம் நடத்தும் விபத்துக் காப்பீடு அது. பிரீமியத்தின் பெரும்பகுதியை வாரியமே ஏற்கிறது. வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். தொகையும் விதியும் மாறும் என்பதால் சென்னையில் உள்ள வாரியத்தின் மண்டல அலுவலகத்திலோ, அருகிலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்திலோ கேட்டுக்கொள்வது நல்லது.

ஒவ்வொரு பறிப்புக்கும் முதல் நாள் மாலை, திண்ணையில் பெல்ட்டும் கயிறும் விரித்து வைக்கப்படும். சின்னவர் தையலை விரலால் நீவிப் பார்ப்பார். பிசிறு விட்ட இடம், வெயிலில் வெளுத்த இடம், கொக்கியின் துரு எல்லாம் அவர் கண்ணுக்குத் தப்பாது. ஒருமுறை பெல்ட்டை உர மூட்டைகளின் மேல் போட்டு வைத்திருந்தார்கள். அன்று அண்ணனைச் சத்தம் போட்டுவிட்டார். உரமும் பூச்சிமருந்தும் பட்டால் நூல் இற்றுப்போகும். ஒரு தடவை ஆளை விழாமல் தாங்கிய பெல்ட்டை மறுபடியும் பயன்படுத்தக் கூடாது. அதன் வேலை அதோடு முடிந்தது. ஐப்பசி, கார்த்திகையில் மரத்தில் பாசி பிடித்திருந்தால், மழை விட்டு மரம் காயும் வரை அவர் கயிற்றை எடுத்தே கொடுப்பதில்லை.

போன மாதம் பக்கத்துத் தோப்புக்காரர் வந்தார். பெரியவர் மேலே சாய்ந்து நின்று வெட்டுவதை வெகுநேரம் அண்ணாந்து பார்த்தார். இறங்கியதும் கேட்டார்:

"நல்லாருக்கேண்ணே. இந்த பெல்ட்டு, கயிறு எல்லாம் எங்க வாங்குனது? நானும் ஒண்ணு வாங்கிப் போடுறேன், நம்ம தோப்புக்கும் வாங்க."

பெரியவர் கொக்கியை அவிழ்த்துக்கொண்டே சொன்னார்:

"வாங்குறது கெடக்கட்டும் தம்பி. கட்டுற நேரத்துக்கும் சேர்த்துக் கூலி போடுவியா, அதச் சொல்லு மொதல்ல."